சரக்கறைத் தீயும் ஸ்பிரே டப்பாவும்: ஹெல்டர்பர்க் விபத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

1987 நவம்பர் 28, மொரீஷியஸ் நேரப்படி அதிகாலை 3.49. பிளேசான்ஸ் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையை ஒரு போயிங் 747 அழைத்தது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் 295-ஆம் எண் விமானம், பெயர் ஹெல்டர்பர்க். முந்தைய நாள் இரவு தைப்பேயில் கிளம்பியது, மொரீஷியஸில் இறங்கிவிட்டு ஜோகன்னஸ்பர்க் போக வேண்டியது. விமானத்தில் புகை, 14,000 அடிக்கு அவசரமாக இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்றார் விமானி. முழு அவசரநிலை வேண்டுமா என்று பிளேசான்ஸ் கேட்டது. வேண்டும் என்றார். இரண்டு நிமிடத்தில் அடுத்த தகவல்: மின்சாரம் பெரும்பாலும் போய்விட்டது. அதன்பின் பேச்சு விட்டு விட்டு வந்தது. சில வார்த்தைகள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னவையே அல்ல; விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது வானொலியில் தவறுதலாக வந்துவிட்டது. 4.04-க்கு, தரையிறங்குவது பற்றிய அறிவுறுத்தலுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதோடு சரி. பிளேசான்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பின்னர் கடலில் கிடைத்த இரண்டு கைக்கடிகாரங்களை வைத்து, விமானம் நீரில் மோதியது 4.07-க்கு என்று கணக்கிட்டார்கள்.

பயணிகள் 140 பேர், ஊழியர்கள் 19 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. இடம், நம் மொரீஷியஸ் தீவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

இந்த விபத்தில் ஸ்பிரே டப்பாவுக்குப் பங்கு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விமானத்தில் ஸ்பிரே டப்பா கொண்டுபோவது பற்றிய பேச்சை ஹெல்டர்பர்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். சரக்கறையில் மூளும் தீயைப் பொறுத்தவரை, முதல் பொறி எது என்ற கேள்வியைவிட, அந்தப் பொறிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, அதை அணைக்க எவ்வளவு நேரம் கிடைத்தது என்ற இரண்டு கேள்விகளே உயிர்களைத் தீர்மானிக்கின்றன. ஹெல்டர்பர்க்கின் முதல் பொறி எது என்று இன்றுவரை தெரியாது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அது மிகத் தெளிவாக விடை சொல்லிவிட்டது.

பின்பாதியில் சரக்கு

ஹெல்டர்பர்க் 'காம்பி' வகை விமானம். பயணிகள் உட்காரும் அதே தளத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சரக்கு. அன்று அங்கே ஆறு பாலெட்டுகள் (சரக்கை அடுக்கிக் கட்டும் பலகைகள்) இருந்தன. கணினிகளும் மின்னணுப் பொருட்களும் அவற்றில் இருந்தன. அட்டைப் பெட்டி, தெர்மோகோல், பிளாஸ்டிக் உறை என்று வழக்கமான கட்டுமானம்.

இப்படிப்பட்ட சரக்குப் பகுதியை அன்றைய விதிகள் 'பி' வகுப்பு என்று அழைத்தன. புகை உணர்வி இருக்கும். தானாகத் தீயணைக்கும் ஏற்பாடு இருக்காது. மணி அடித்தால் ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய், கையில் தூக்கிச் செல்லும் தீயணைப்பானால் தீயை அணைக்க வேண்டும். தாளில் எழுதும்போது இது நியாயமாகவே தோன்றியிருக்கும். சிறிய சரக்கறைக்கு எழுதப்பட்ட இந்த விதி, 747-இன் பின்பாதி அளவுக்குப் பெரிதான அறைக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. அங்கே ஆள் உயரத்துக்கு மேல் சரக்கு அடுக்கியிருக்கும், வலைபோட்டு இறுக்கியிருக்கும். தீ ஒரு பாலெட்டின் நடுவில் இருந்தால் அதைக் கண்ணால் பார்ப்பதே கடினம். புகைக்குள் நுழைகிறவரின் மூச்சு எத்தனை நிமிடம் தாங்கும்?

புகையைப் பற்றிய ஒரு கணிப்பும் அதில் ஒளிந்திருந்தது. பயணிகள் பகுதியில் காற்றழுத்தம் சற்றே கூடுதலாக இருப்பதால் புகை பின்பக்கமே நின்றுவிடும், முன்னே வராது என்று நம்பினார்கள். அதைச் சோதித்தபோது பயன்படுத்திய புகை, பெருந்தீயின் சூட்டோடு வந்த புகை அல்ல. நிஜத் தீயில் காற்று சூடேறி விரியும். அந்த விரிவே அழுத்த வேறுபாட்டைப் புரட்டிப்போட்டுப் புகையை முன்னே தள்ளும். ஹெல்டர்பர்க்கில் நடந்தது அதுதான். மீட்கப்பட்ட உடல்களின் மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தது.

விமானிகள் அறையிலும் நிலைமை மோசம். "இப்போது 65 மைல்" என்று அவர்கள் பிளேசான்ஸுக்குச் சொன்னார்கள். உண்மையான தூரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். திரையில் தெரிந்த எண், வழியில் இருந்த அடுத்த குறியிடத்துக்கான தூரமாக இருந்திருக்க வேண்டும். மொரீஷியஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று தரையில் இருந்தவர்களும் நினைத்திருப்பார்கள். பதினெட்டு நிமிடத்துக்கு முன்புவரை எந்தக் குறையும் இல்லாமல் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறந்துவந்த அனுபவசாலிகள் அவர்கள். அந்தப் புகையில், பாதிக் கருவிகள் அணைந்துபோன இருட்டில், ஒரு எண்ணை மாற்றிப் படித்ததற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடலடியில் கிடைத்தவை

விமானம் விழுந்த இடத்தில் கடலின் ஆழம் நான்கரை கிலோமீட்டருக்கும் மேல். பதிவுக் கருவிகள் நீருக்கடியில் எழுப்பும் ஒலிக்கு ஏறத்தாழ ஒரு மாதமே ஆயுள்; அதற்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. 1988 ஜனவரி இறுதியில்தான் சோனார் தேடலில் சிதைவுகள் தென்பட்டன. குரல்பதிவுக் கருவி 1989 ஜனவரி 6-ஆம் தேதி, சுமார் 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க: 2011-இல், அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் கருவிகளை எடுத்தது சுமார் 3,900 மீட்டரிலிருந்து. ஹெல்டர்பர்க்கின் பறப்புத் தரவுக் கருவி கிடைக்கவே இல்லை.

குரல்பதிவில் பெரும்பகுதி சாதாரணப் பேச்சு. பிறகு தீ எச்சரிக்கை மணி. மணி அடித்து 14 நொடியில், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்கியூட் பிரேக்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. சுமார் 80 விழுந்திருக்கலாம் என்று கணித்தார்கள். 81-ஆவது நொடியில் பதிவுக் கருவிக்குப் போகும் கம்பியே அறுந்தது. மணி அடித்து ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, தீ விமானத்தின் மேற்கூரைக் கம்பிகளைத் தின்றுவிட்டிருந்தது.

மீட்கப்பட்டவற்றில் கருகிய கைத் தீயணைப்பான் ஒன்றும் இருந்தது. அதன்மேல் உருகிய உலோகம் ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். விதி அவரிடம் கேட்டதை அவர் செய்திருக்கிறார். அந்தத் தீயின் முன் அந்த ஒரு கருவி போதாது என்பதை யாரும் அவருக்கு முன்னமே சொல்லவில்லை.

நீதிபதி செசில் மார்கோ தலைமையிலான விசாரணை ஆணையம், தீ முன்வரிசையின் வலப்பக்க பாலெட்டில் தொடங்கியது என்று முடிவு செய்தது. எதனால் மூண்டது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்றும் சொன்னது. நிறவெறி ஆட்சிக் காலம், ஆயுதத் தடை அமலில் இருந்த நாடு, பதில் கிடைக்காத கேள்வி: இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் எழாமல் இருக்காது. ராக்கெட் எரிபொருள் ரகசியமாக ஏற்றப்பட்டதா என்ற கேள்வியை, நிறவெறிக் காலக் கொடுமைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998-இல் விசாரித்தது. 2002-இல் தென்னாப்பிரிக்க அரசு, விசாரணையை மீண்டும் திறக்கும் அளவுக்குப் புதிய சான்று இல்லை என்று முடித்துக்கொண்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு விடை வேண்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் எரிந்தது தெர்மோகோலாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும், அந்த அறை அதைத் தாங்கும்படி கட்டப்படவில்லை என்ற உண்மை மாறப்போவதில்லை.

1989-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் காம்பி விமானங்களுக்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்தது. கைத் தீயணைப்பானை நம்பும் காலம் அத்தோடு முடிந்தது. 1996 மே மாதம் அமெரிக்காவில் வேல்யூஜெட் 592 என்ற பயணிகள் விமானம் விழுந்தது. அதன் சரக்கறையில் புகை உணர்வியும் இல்லை, தீயணைக்கும் வாயுவும் இல்லை. காற்று தீர்ந்ததும் தீ தானாக அணையும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட 'டி' வகுப்பு அது. உள்ளே ஏற்றியிருந்ததோ காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள். தீக்கு வேண்டிய காற்றை அவையே கொடுத்தன. 110 பேர் இறந்தார்கள். அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் 2001-க்குள் அந்த வகுப்பு சரக்கறையே இல்லாமல் ஆக்கப்பட்டது. இப்போது நம் பெட்டிகள் போகும் பெரிய விமானச் சரக்கறை 'சி' வகுப்பு: புகை உணர்வியும் உண்டு, விமானி விசையைத் தட்டினால் நிரம்பும், தீயை அமுக்கும் ஹாலோன் வாயுவும் உண்டு.

டப்பாவுக்குள் இருப்பது என்ன

ஸ்பிரே டப்பா இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான்.

1970-கள் வரை டியோடரண்ட், ஹேர் ஸ்பிரே டப்பாக்களில் உந்துவாயுவாக இருந்தவை பெரும்பாலும் குளோரோஃபுளூரோகார்பன்கள். அவை எரியாது. ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்ததும் அமெரிக்கா 1978-இல் ஸ்பிரேக்களில் அவற்றைத் தடை செய்தது. ஹெல்டர்பர்க் விழுவதற்குப் பத்து வாரம் முன்பு, 1987 செப்டம்பர் 16-இல், மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றின் இடத்துக்கு வந்தவை புரோப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன். அடுப்பங்கரை சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள். வானத்துக்கு நல்லது செய்த மாற்றம் சரக்கறைக்குள் எரிவாயுவைக் கொண்டுவந்தது. இதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாற்றம் நடந்ததைச் சரக்கறை வடிவமைத்தவர்கள் உடனே கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆய்வு மையம் நியூ ஜெர்சியில் 1980-களின் இறுதியில் இந்த டப்பாக்களைச் சரக்கறை மாதிரிகளுக்குள் வைத்துச் சூடாக்கிப் பார்த்தது அதனால்தான். ஹாலோன் இல்லாத அறையில் டப்பா வெடித்தது. ஹாலோன் நிறைந்த அறையில் வாயு எரியவில்லை.

உயரே போனால் வெளியழுத்தம் குறைந்து டப்பா தானாக வெடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். யாத்திரைக் குழுக்களுக்குப் பயண ஏற்பாடு செய்கிறவன் என்பதால் இதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அது நடக்காது. பெட்டிகள் போகும் சரக்கறையிலும் பயணிகள் பகுதியில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். தரையில் ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) என்றால் மேலே முக்கால் பார் அளவு. டப்பாவுக்குள் சாதாரண வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து பார் வரை அழுத்தம் இருக்கும். கால் பார் வித்தியாசம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. போர்ட் லூயிஸில் டிசம்பர் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் டப்பா கிடந்தால் அது படும் பாடு, விமானத்தில் படுவதைவிட அதிகம். டப்பாவின்மேல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காதீர்கள் என்று எழுதியிருப்பதும் சூட்டை நினைத்துத்தான்.

ஆபத்து இரண்டு வழியில் வரும். ஒன்று கசிவு. இறுக்கி அடைத்த பெட்டியில் மூடி கழன்று, செருப்போ சாமான் மூட்டையோ முனையை அழுத்திக்கொண்டே இருந்தால் வாயு மெல்ல வெளியேறும். புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. பெட்டிக்குள்ளேயே அடியில் தங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு சின்னப் பொறி போதும். மூடியைச் சரியாகப் போடுங்கள் என்று விதி சொல்வது இதனால். கேட்க அற்பமாக இருந்தாலும் அந்த ஒரு வரிக்குக் காரணம் கனமானது.

இரண்டாவது வழி, வேறொரு தீ டப்பாவை வந்து அடைவது. டப்பாவுக்குள் பாதி திரவம். சூடு ஏற ஏற அது கொதித்து அழுத்தம் பெருகும். தகரம் சூட்டில் வலுவிழக்கும். ஒரு கட்டத்தில் கிழியும். உள்ளே இருந்தது அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகி வெளியே பாயும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தீ அதைப் பற்றவைக்கும். பெரிய ஹேர் ஸ்பிரே டப்பாவில் எரிவாயு மட்டும் இல்லை, அதைவிட அதிகமாக ஆல்கஹால் இருக்கும். சரக்கறைத் தீயணைப்பு முறைகளைச் சோதிக்க ஆய்வு மையம் தயாரித்த மாதிரிக் கலவையில் எடையில் 20 பங்கு புரோப்பேன், 60 பங்கு ஆல்கஹால், 20 பங்கு தண்ணீர். ஹாலோனுக்கு மாற்றாக வரும் எந்த வாயுவும் நான்கு சோதனைகளில் தேற வேண்டும். அந்த நான்கில் ஒன்று இந்த டப்பா வெடிப்பு. குளியலறை அலமாரியில் நிற்கும் ஒரு பொருள் உலகத்தின் எல்லாப் பெரிய விமானங்களின் தீயணைப்பு அளவுகோலில் ஒன்றாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

நாற்பது நொடி

லித்தியம் பேட்டரி வந்தபின் இந்தக் கணக்கு மீண்டும் மாறியது. அதற்கு முன் பெட்டிக்குள் தானாகத் தீ மூட்டக்கூடிய பொருள் அரிது. மடிக்கணினி பேட்டரி உள்ளுக்குள் பழுதானால், வெளியிலிருந்து எந்தப் பொறியும் இல்லாமலே சூடேறிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும்.

2017-இல் அமெரிக்க ஆய்வு மையம் ஒரு மடிக்கணினியின் பேட்டரியைச் செயற்கையாகச் சூடேற்றி, துணிமணி நிறைந்த பெட்டிக்குள் வைத்துப் பார்த்தது. துணி மட்டும் இருந்தால் நிலைமையைப் பெரும்பாலும் சமாளிக்க முடிந்தது. பக்கத்தில் எட்டு அவுன்ஸ் டிரை ஷாம்பு ஸ்பிரே ஒன்றை வைத்தார்கள். அது செக்-இன் பெட்டியில் அனுமதிக்கப்பட்ட பொருள், அனுமதிக்கப்பட்ட அளவு. தீ உடனே மூண்டு வேகமாகப் பரவியது. நாற்பது நொடிக்குள் டப்பா வெடித்தது.

இந்த நாற்பதை விமானங்களுக்கான சான்றிதழ் விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கறைப் புகை உணர்வி, தீ மூண்டு ஒரு நிமிடத்துக்குள் விமானிக்கு எச்சரிக்கை தர வேண்டும் என்பது விதி. அதாவது உணர்வி தன் கடமையைச் சரியாகச் செய்தாலும், விளக்கு எரிவதற்கு முன்பே டப்பா வெடித்திருக்கலாம். ஹாலோன் அப்போது சிலிண்டருக்குள்ளேயே இருக்கும். வெடிப்பு விமானத்தை உடைக்காது. ஆனால் சரக்கறையின் சுவர்த் தகடுகளைப் பெயர்த்துவிட்டால், அடுத்து வரும் ஹாலோன் அறைக்குள் தங்காமல் இடுக்குகள் வழியே வெளியேறும். தீயை அமுக்கி வைக்க முதலில் ஐந்து சதவீதமும் பிறகு தொடர்ந்து மூன்று சதவீதமும் ஹாலோன் இருந்தாக வேண்டும். கூரையில் ஓட்டை விழுந்த அறையில் அந்த அளவு நிற்காது.

ஹெல்டர்பர்க்கின் 81 நொடியும் இந்த 40 நொடியும் வேறு வேறு விமானம், வேறு வேறு பொருள். ஆனால் இரண்டிலும் பாதுகாப்பு ஏற்பாடு எதிர்பார்த்த வேகத்தைவிடத் தீயின் வேகம் கூடுதல்.

செல்பேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைச் செக்-இன் பெட்டியில் அனுமதிக்கவே கூடாது என்று அமெரிக்கா சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்திடம் கேட்டது. முழுத் தடை வரவில்லை. பெட்டியில் வைத்தால் முழுக்க அணைத்துவிட வேண்டும், தூங்கும் நிலையில் விடக் கூடாது, அடிபடாமலும் தானாக இயங்காமலும் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். இது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்பிரே டப்பாவுக்குத் தரப்பட்ட விலக்கு, பெட்டிக்குள் தீ மூட்டும் பொருள் எதுவும் இல்லை என்று எண்ணிய காலத்தில் தரப்பட்டது. இன்று அந்த எண்ணம் செல்லாது. இரண்டில் ஒன்றையாவது சரக்கறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். டியோடரண்டைத் தடுப்பதைவிட மடிக்கணினியைப் பயணியின் கைக்குக் கொண்டுவருவது எளிது. அங்கே புகைந்தால் ஊழியர் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்.

கடல் நடுவில் இருப்பவர்களுக்கு

மொரீஷியஸில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் கவலை. சென்னை, பெர்த், ஜோகன்னஸ்பர்க், டர்பன் எங்கிருந்து வந்தாலும் பயணத்தின் பெரும்பகுதி நீருக்கு மேல். இரண்டு எஞ்சின் விமானம் அவசரத்தில் ஒதுங்கக்கூடிய விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் பறக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் காரணிகளில் சரக்கறை ஹாலோன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் ஒன்று. ஒதுங்கும் நேரத்தோடு 15 நிமிடம் கூட்டி, அவ்வளவுக்கும் தீயை அமுக்கி வைக்கும் வாயு இருக்க வேண்டும். ஹாலோன் அணைப்பதில்லை, பெரும்பாலும் அமுக்கி வைக்கிறது. கடலுக்கு மேல் அந்த வேறுபாடு மணிக்கணக்கில் நீள்கிறது. ரீயூனியனும் ரொட்ரிக்ஸும் பக்கத்தில் இருப்பது வரம்தான். ஆனால் இந்தியப் பெருங்கடலின் நடுவில் அந்த வசதி கிடையாது.

ஹாலோன் 1301 தானும் ஓசோனை அரிக்கும் பொருள். வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1994 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பழைய இருப்பை மறுசுழற்சி செய்துதான் விமானங்களுக்கு நிரப்புகிறார்கள். 2024 இறுதியிலிருந்து சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் புதிய விமான வகைகளின் சரக்கறையில் ஹாலோன் கூடாது என்பது சர்வதேச விதி. மாற்று வாயுக்களைத் தேடியபோது ஒரு விபரீதம் தெரியவந்தது. சில மாற்று வாயுக்கள் போதிய அளவில் இருந்தால் டப்பா வெடிப்பைத் தடுக்கின்றன. அளவு குறைந்தால், எதுவும் இல்லாத அறையைவிட வெடிப்பின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகின்றன. ஹாலோன் இப்படிச் செய்வதில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் தேடியும் மாற்று எளிதில் கிடைக்காததற்கு இந்த ஸ்பிரே டப்பாச் சோதனை ஒரு முக்கியக் காரணம்.

பெட்டி கட்டும்போது

தைப்பூசக் காவடி முடிந்ததும் இங்கிருந்து பழனி, மதுரை, ராமேசுவரம் என்று குழுக்கள் கிளம்பும். டர்பனிலிருந்து உறவினர்கள் வந்து போவார்கள். அரங்கேற்றத்துக்குச் சென்னை போகும் பிள்ளைகளின் பெட்டியில் ஹேர் ஸ்பிரே இல்லாமல் இருக்காது. ஆகவே விதியைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

டியோடரண்ட், ஹேர் ஸ்பிரே, ஷேவிங் ஃபோம், ஆஸ்துமா மருந்து போன்ற ஒப்பனை, மருத்துவ ஸ்பிரேக்கள் எரியக்கூடியவையாக இருந்தாலும் அனுமதி உண்டு. ஒரு டப்பா அதிகபட்சம் 500 மில்லி அல்லது 500 கிராம். ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 2 லிட்டர் அல்லது 2 கிலோ. முனைக்கு மூடி கட்டாயம். கைப்பையில் என்றால் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பும் சேரும். மருந்துக்கு மட்டும் விலக்கு. நாட்டியக் குழுவுக்கு மொத்தமாக ஒருவர் பெட்டியில் இருபது டப்பா அடைத்துக்கொண்டு போகக் கூடாது, வரம்பு ஆளுக்கு.

வீட்டு உபயோக ஸ்பிரே, விளையாட்டு ஸ்பிரே எரியாத வகையாக இருந்தால் மட்டும் செக்-இன் பெட்டியில் போகலாம். தங்க நிற, வெள்ளி நிறப் பெயிண்ட் ஸ்பிரே, துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே, சமையல் எண்ணெய் ஸ்பிரே, தீச்சுடர் குறியிட்ட கொசு மருந்து ஸ்பிரே: இவை எந்தப் பெட்டியிலும் கூடாது. டியோடரண்டிலும் அதே தீச்சுடர்க் குறி இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விடுகிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயணிக்கு உடம்புக்குத் தேவையானது என்பதாலும் அளவு சிறிது என்பதாலும் கொடுத்த சலுகை அது. பொருள் பாதுகாப்பானது என்பதற்கான சான்று அல்ல. காவடி அலங்காரத்துக்குப் பெயிண்ட் ஸ்பிரே வேண்டும் என்றால் இங்கேயே ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்பிரே இல்லாவிட்டாலும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. சென்னையில் மலிவாகக் கிடைக்கிறதென்று கோயிலுக்குக் கிலோக் கணக்கில் கற்பூரம் வாங்கி வராதீர்கள். கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருளாக ஐ.நா. எண் 2717-இன் கீழ் வகைப்படுத்தப்பட்டது. பயணிப் பெட்டியில் அதற்கு இடமில்லை. கொப்பரையும் தானே சூடேறும் பொருளாக எண் 1363-இன் கீழ் வருகிறது. பூசைப் பொருள்தானே என்று பாட்டிமார் பெட்டிக்கடியில் வைத்துவிடுவார்கள். சோதனையில் எடுத்துப் போட்டால் மனம் நோகும். முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுவது குழுவை அழைத்துப் போகிறவரின் பொறுப்பு.

மடிக்கணினி, டேப்லெட், கேமரா கைப்பையில் வரட்டும். முடியாமல் பெட்டியில் வைத்தால் முழுக்க அணைத்து, துணி சுற்றி, ஸ்பிரே டப்பா இருக்கும் பெட்டியில் அல்லாமல் வேறு பெட்டியில் வையுங்கள். ஒரு குடும்பம் நான்கு பெட்டி கொண்டுபோகிறது என்றால் இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. இப்படிப் பிரித்து வைக்கச் சொல்லி எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பது நொடிச் சோதனையைப் படித்தபின் எங்கள் குழுக்களுக்கு இதை நான் கட்டாயமாக்கிவிட்டேன்.

பவர் பேங்க்கும் உதிரி பேட்டரியும் எப்போதும் கைப்பையில்தான். பெட்டியில் கூடவே கூடாது. இதைத் தெரிந்தவர்களும் தவறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நிரம்பிவிட்டது, மேலே இடமில்லை என்று ஏறும் வாசலில் ஊழியர் கைப்பையை வாங்கிச் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்புவார். அந்த நொடியில் உங்கள் கைப்பை செக்-இன் பெட்டியாகிவிடுகிறது. வரிசை நகர்கிறதே என்று பதறாமல், பையைத் திறந்து பவர் பேங்க்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.